ஜோடி பார்க்கிற கால்

அந்தக் குஷன் கடைக்கு முதலாளி யார் என்று கேட்டால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். துணி வெட்டுவது, தைப்பது, "நேத்தே தர்றேன்னு சொன்னீங்களே" என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் அவள். பழைய சோபாவின் தோலை உரித்து, தொங்கிப்போன ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, ஸ்பாஞ்ச் வைத்து ஆணி அடிப்பது அவர். தெருவில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். பட்டாளத்தில் கேப்டனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாரே தவிர, மனிதர் கேப்டனாக ஒரு நாளும் இருந்ததில்லை. ஆரம்பத்தில் அதைச் சொல்லித் திருத்தப் பார்த்தார். தெரு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் விட்டுவிட்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதுகு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

ஆள் குட்டை, உருண்டை, வாயைத் திறக்காத கல்லுளிமங்கன். பசிக்கிறதா என்றால் ஒண்ணுமில்ல. வலிக்கிறதா என்றால் ஒண்ணுமில்ல. தெருவில் ஏதாவது லாரியின் டயர் வெடித்தால், அடுத்த நொடி வெட்டு மேசைக்கு அடியில் இருப்பார். வெளியே வரும்போது, "சாக்பீஸ் விழுந்துடுச்சு, தேடினேன்" என்பார். சாக்பீஸ் மேசை மேல்தான் இருக்கும். அவள் அதைச் சத்தமில்லாமல் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, "இதோ இங்க கிடக்குதுங்க" என்று பொறுக்கிக் கொடுப்பாள். இப்படியே காலம் ஓடியிருக்கிறது. அவளுக்கு அந்த மனிதரை உயிராகப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் யாரால் இத்தனை சாக்பீஸ் பொறுக்க முடியும்?

ஆனால் அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு. கட்டின புருஷனின் பாதத்தை அவள் பார்த்ததே இல்லை.

சிரிக்க வேண்டாம். சாக்ஸ் போடாமல் அவரைப் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், அது அவள் இல்லை. குளியலறையிலிருந்து வெளியே வரும்போதே சாக்ஸோடு வருவார். தூங்கும்போதும் சாக்ஸ்தான். கல்யாணமான புதிதில் கேட்டதற்கு, "அது ஜோடி பாக்கற கால்" என்று சொல்லிவிட்டார். ஜோடி என்றால் தான்தானே என்று புதுப்பெண் வெட்கப்பட்டாள். அந்த ஜோடி அவள் இல்லை என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

கதை இதுதான். பட்டாளத்தில் அவரை ஒரு பனிமலை உச்சியில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அங்கே துப்பாக்கியைவிடப் பனிதான் பொல்லாதது. காலில் முதலில் வலிக்கும், அப்புறம் வலி நிற்கும். வலி நின்றால்தான் பயப்பட வேண்டும், விரல் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது தெரிந்திருந்தும் எவனும் தன் கால் மோசம் என்று வாயைத் திறக்க மாட்டான். சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், கூட இருப்பவன் தனியாக நிற்க வேண்டி வரும். இதைப் பார்த்த மேலதிகாரி ஒரு சட்டம் போட்டார். ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். சாயங்காலமானால் உன் காலை அவன் பார்க்க வேண்டும், அவன் காலை நீ பார்க்க வேண்டும். தன் காலைப் பற்றி ஒருத்தன் சொல்வது செல்லாது, ஜோடி சொல்வதுதான் செல்லும்.

கேப்டனுக்கு ஜோடியாக வாய்த்தவர் ஒரு நெட்டை. உத்தரத்தில் தலை இடிக்கிற உயரம், காற்றடித்தால் ஆடுகிற உடம்பு. ஒட்டடை என்று பட்டாளத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். இவருக்கு உருளை. பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் இரண்டு பேரும் இதே ஊரில் தங்கினார்கள். ஒட்டடை பள்ளிக்கூட வேன் ஓட்டினார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. "எனக்கு உருளை காலைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு தங்கச்சி" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடைக்கு வருவார். ரிப்பேருக்கு வந்த சோபாவில் எது நன்றாக இருக்கிறதோ அதில் இரண்டு பேரும் எதிரெதிரே சாய்ந்து, ஒருவர் மடியில் மற்றவர் காலைப் போட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். விரலிடுக்கு, குதிகால், நகம் எதையும் விட மாட்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டார்கூட அவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவள் டீயோடு வந்தால், இரண்டு பேரும் கடகடவென்று சாக்ஸை மாட்டிக்கொள்வார்கள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பொறாமை இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக வேறொரு வேலையைத் தனதாக்கிக்கொண்டாள். கடை என்றால் தரை முழுக்க ஆணி, ஸ்டேப்பிள் கம்பி. மரத்துப்போன கால் உள்ள மனிதர் நடக்கிற இடம். தினமும் கடை மூடும்போது ஒரு கம்பின் நுனியில் பெரிய காந்தத்தைக் கட்டி, மூலை முடுக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போவாள். காந்தத்தில் மீசை முளைத்த மாதிரி ஆணிகள் ஒட்டிக்கொண்டு வரும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒட்டடை ஒரு நாள் காலையில் வேனை நடு ரோட்டில் நிறுத்தும்வரை.

ரோட்டோரத்தில் ஒரு சாக்கு மூட்டை கிடந்திருக்கிறது. யாரோ போட்டுவிட்டுப் போன குப்பை. பட்டாளத்தில் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் அப்படிக் கிடந்த ஒரு மூட்டைதான் வெடித்து, முன்னால் போன வண்டியைத் தூக்கி எறிந்தது. இத்தனை வருஷம் கழித்து அது எங்கிருந்து ஞாபகத்துக்கு வந்ததோ தெரியவில்லை. பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டு, "எல்லாரும் குனிங்க" என்று கத்தியிருக்கிறார். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக் குனிந்திருக்கிறார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஒட்டடை வேன் சாவியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினவர்தான். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, அவர் வரவில்லை.

கேப்டன் போய்க் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து சத்தமில்லை. அவருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் வேண்டாம்னு அவன் நெனச்சா எனக்கென்ன? இனிமே அந்தப் படி ஏறினா என்னை என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க ஒரு நாற்காலிக்குத் தேவைக்கு மேல் ஆணி அடித்தார்.

இதில் ஒரு சங்கதியை அவள் கவனிக்கத் தவறிவிட்டாள். கேப்டன் தன் காலைத் தானே பார்க்கிற வழக்கம் இல்லாதவர். பார்க்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை, ஆனால் உடம்பில் ஊறிவிட்டது. சாக்ஸ் மாற்றும்போதுகூடச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் மாற்றுவார். ஒட்டடை வருவது நின்ற நாளிலிருந்து அந்தக் கால்களை உலகத்தில் யாருமே பார்க்கவில்லை.

துணி துவைக்கும்போது ஒரு சாக்ஸின் அடியில் கரும்பழுப்பாக ஒரு கறை இருந்தது. அவள் அதை மோந்து பார்த்தாள். ரத்த வாடை.

"என்னங்க இது?"

"டீ சிந்தியிருக்கும்."

"உள்ளங்கால்ல யாருங்க டீ குடிப்பாங்க? காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா காட்டறதுக்கென்ன?"

"அது ஜோடி பாக்கற கால்னு உனக்குத் தெரியாதா?"

"ஜோடிதான் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்காரே! அப்ப நான் யாரு? வாசல்ல போறவளா?"

கேப்டன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். போகும்போது இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார், அது அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மறுநாள் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள். கத்தினாள். அழுதுகூடப் பார்த்தாள், கொஞ்சம் நிஜமாகவே. மனிதர் அசைந்தால்தானே.

தூங்கும்போது சாக்ஸை உருவிப் பார்த்தால் ஆகாதா என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் தூங்குகிற அவரைத் தொடக் கூடாது. கல்யாணமான புதிதில், குளிருகிறதே என்று ஒரு முறை போர்வையை இழுத்துவிட்டாள். கண்ணைத் திறக்காமலேயே கை வீசினார். அவள் உதடு கிழிந்தது. விழித்துப் பார்த்துவிட்டு அந்த மனிதர் அழுத அழுகை இருக்கிறதே, அதை இன்னொரு முறை பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. அன்றிலிருந்து வாசலில் நின்று பெயரைச் சொல்லித்தான் எழுப்புவாள்.

ஆக, பார்க்கக்கூடியவர் ஒருவர்தான். அவள் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஒட்டடையின் வீடு அதே தெருவின் கோடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் தூசி. கதவு முன்னால் பிரிக்காத செய்தித்தாள்கள் சரிந்து கிடந்தன. ஜன்னலில் அவள் தைத்துக் கொடுத்த திரைச்சீலை, உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டியிருந்தது. கதவைத் தட்டினாள்.

"அண்ணே, நான்தான்."

வெகுநேரம் கழித்துக் கதவுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தங்கச்சியா? நான் நல்லா இருக்கேன்மா. நீ போயிட்டு வா."

"நீங்க நல்லா இருக்கீங்களான்னு நான் கேக்கவே இல்லையே."

அவள் கதவை ஒட்டி நின்றுகொண்டாள்.

"உங்க ஜோடி காலைப் பாத்து எவ்வளவு நாளாச்சுண்ணே?"

"ஏன், நீ பாக்கலையா?"

"எனக்குக் காட்டினாத்தானே? ஜோடிதான் பாக்கணுமாம். சாக்ஸ்ல ரத்தம் இருக்கு. நடை சரியில்லை. ஆஸ்பத்திரின்னா ஒண்ணுமில்லைங்கறாரு."

"முட்டாப்பய" என்றது குரல். அதில் பழைய ஒட்டடை கொஞ்சம் தெரிந்தது. தாழ்ப்பாள் அசைகிற சத்தம் கேட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. "எனக்கு வரணும்னுதான் இருக்கு தங்கச்சி. ரோட்டுல கிடக்கறதெல்லாம் எனக்கு வேற மாதிரி தெரியுது. வர்றேன்னு கிளம்பி நடு வழியில நான் உக்காந்துட்டேன்னா, ரெண்டு பேரையும் நீ ஒருத்தியா தூக்க முடியாது. அவனை இங்க கூட்டிட்டு வந்துடேன்."

"கூட்டிட்டு வர்றேன். நீங்க கதவை மட்டும் திறந்து வைங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் படியை இனி ஏற மாட்டேன் என்று சபதம் போட்ட ஆளை எப்படி ஏற்றுவது? தன் காலுக்காக வர மாட்டார், அது நிச்சயம். தெருவில் நடந்துகொண்டே யோசித்தாள். கடை வாசலுக்கு வருவதற்குள் வழி தெரிந்துவிட்டது. வழி என்ன வழி, பச்சைப் பொய்.

"ஏங்க, அண்ணன் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். அவர் காலு மோசமா இருக்குங்க."

சுத்தியல் பாதியில் நின்றது. "யார் சொன்னா?"

"நானே பாத்தேன்."

"உனக்குக் காட்டினானா?" கேப்டனின் குரலில் இருந்த பொறாமையைப் பார்க்க வேண்டுமே! அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"கதவிடுக்குல தெரிஞ்சது. வீங்கியிருக்கு. நகமெல்லாம் என்னவோ மாதிரி இருக்கு."

அவ்வளவுதான். இழுப்பறையிலிருந்த டார்ச்சை எடுத்தார், ஷூவுக்குள் காலை நுழைத்தார், கடையை மூட வேண்டும் என்ற நினைப்புகூட இல்லாமல் இறங்கி நடந்தார். இடது கால் இழுத்தது. சபதத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவள் ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

ஒட்டடையின் கதவு திறந்திருந்தது. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார் கேப்டன். ஒட்டடை முன்னைவிட மெலிந்து, தாடி வளர்ந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை நலம் விசாரிக்க வேண்டுமே, அதெல்லாம் இல்லை.

"காலைக் காட்டுடா ஒட்டடை."

"நீ காட்டுடா முதல்ல."

"உன் காலுதான் வீங்கியிருக்காம்."

"உன் காலுலதான் ரத்தம் வருதாம்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைத் தூக்கி உத்தரத்தை ஆராய்ந்தாள். "எவ்வளவு தூசி பாருங்க" என்றாள்.

கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கால்கள் தாமாகவே மடி மாறின. இந்த முறை அவளை வெளியே போகச் சொல்ல இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கேப்டன் முதலில் ஒட்டடையின் சாக்ஸைக் கழற்றினார். பல நாளாகக் கழற்றாத சாக்ஸ். வீக்கம் எதுவும் இல்லை. ஆனால் நகங்கள் வளர்ந்து, வளைந்து, பக்கத்து விரலைக் குத்திக்கொண்டிருந்தன. தோல் அழுக்கேறி வெடித்திருந்தது. குளிக்கவும் நகம் வெட்டவும்கூட மனசு இல்லாமல் ஒரு மனிதன் இத்தனை நாள் இந்த அறைக்குள் கிடந்திருக்கிறான் என்பது அந்தக் கால்களைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அவளுடைய பொய் பாதி நிஜமாகிவிட்டது. கேப்டன் சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்து ஒவ்வொரு விரலாக வெட்ட ஆரம்பித்தார்.

"என்னடா இப்படி இருக்கே" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"தெரியலடா" என்றார் ஒட்டடை. "எந்திரிக்கணும்னுதான் தினமும் நெனைக்கறேன்."

பிறகு ஒட்டடை இவருடைய இடது சாக்ஸை உருட்டி இறக்கப் பார்த்தார். அது பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். ஒட்டடை சாக்ஸை நனைத்து, ஊறவைத்து, மெல்ல உரித்தார். உள்ளங்காலின் மேட்டில் ஒரு துளை. சுற்றிலும் சிவந்து, வீங்கி, நடுவில் சீழ். ஒட்டடை அதன் ஓரத்தை விரலால் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"எதுடா வலிக்கறது?"

ஒட்டடை எழுந்து வாசலுக்குப் போனார். இடது ஷூவை எடுத்து உள்ளே கையை விட்டார், சட்டென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தப் பொட்டு. ஷூவைத் திருப்பினார். அடிப்பாகத்தில் பளபளவென்று ஒரு குண்டுத்தலை ஆணி. தெருவில் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கேப்டன் அதைத் தினமும் மாட்டிக்கொண்டு, தினமும் அதே துளையில் குத்திக்கொண்டு, நடந்திருக்கிறார்.

அந்த ஆணியை அவளுக்குத் தெரியும். பல் டாக்டர் வீட்டு உயர முதுகு நாற்காலிகளுக்கு வாங்கியது, முழுப் பித்தளை. பெட்டி கைதவறிக் கொட்டியபோது, பித்தளை காந்தத்தில் ஒட்டாதே என்று மண்டியிட்டுக் கையால் பொறுக்கியவள் அவள்தான். ஒன்று தப்பிவிட்டது. எந்த ஆணியும் அந்தக் காலில் ஏறக் கூடாது என்று இத்தனை வருஷம் காந்தம் இழுத்தவள் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"என் ஆணிங்க" என்றாள். "நான் சிந்தினது."

"அடிக்கறவன் நான்தானே, என் ஆணியாவும் இருக்கலாம்" என்றார் கேப்டன். "ஒண்ணுமில்லம்மா, அழாதே. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்."

"நாளைக்காவது, மண்ணாவது" என்றார் ஒட்டடை. அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. "இப்பவே. எந்திரி. இல்ல, எந்திரிக்காதே. இந்தக் காலை இனிமே தரையில வெக்கக் கூடாது."

ஆஸ்பத்திரி தூரமில்லை. தெருவைத் தாண்டி, மெயின் ரோட்டின் அந்தப் பக்கம். வண்டி பிடிக்கலாம் என்றால் அந்த நேரத்தில் மெயின் ரோடு நகராமல் நின்றுகொண்டிருந்தது, எந்த வண்டியும் உள்ளே வர ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். புது ரெக்சின் போட்டு, ஆள் வந்து எடுத்துப்போகக் காத்திருந்த ஆபீஸ் நாற்காலி ஒன்று இருந்தது. ஐந்து சக்கரமும் வெண்ணெய் மாதிரி ஓடும், அவரே எண்ணெய் விட்டது. பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் அதை உருட்டிக்கொண்டு வந்தாள். கேப்டனைத் தாங்கிப் படியிறக்கி அதில் உட்காரவைத்தார்கள்.

"நாற்காலிக்காரன் பாத்தா உதைப்பான்" என்றார் கேப்டன்.

"உதைக்கட்டும், ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு" என்றாள்.

ஒட்டடை ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றார். தெரு அவர் முன்னால் கிடந்தது. நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்தார். கேப்டன் அவரைப் பார்த்தபடி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒட்டடை தள்ள ஆரம்பித்தார். சக்கரம் கடகடத்தது, பிளாஸ்டிக் சரசரத்தது. தெருவில் இருந்தவர்கள், "என்ன கேப்டன், ஊர்வலமா?" என்று கேட்டார்கள். கேப்டன் கையை அசைத்தார், மந்திரி மாதிரி.

மெயின் ரோட்டின் நடுவில், வண்டிகளுக்கு இடையே, ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது.

நாற்காலி நின்றது. ஒட்டடையின் முகத்தில் ரத்தமே இல்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. பின்னாலிருந்து ஒரு வண்டி ஹாரன் அடித்தது.  போச்சு, இங்கேயே உட்கார்ந்துவிடப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

கேப்டன் இடது காலைத் தூக்கி ஒட்டடையின் மார்புக்கு நேராக நீட்டினார்.

"டேய். என் காலைப் பாரு."

ஒட்டடை அசையவில்லை.

"ரோட்டைப் பாக்கறது உன் வேலை இல்லடா. உனக்கு என் காலு. என் காலை மட்டும் பாரு."

ஒட்டடையின் கண் இறங்கி அந்தப் பாதத்தில் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முன்னால் போய் அந்த அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தாள். காலி. அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாங்கண்ணே, நான் முன்னால போறேன். கொஞ்சம் வலது பக்கம். இப்ப நேரா" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். நாற்காலி நகர்ந்தது. கால் பார்க்கிறவர் ஒருவர், காலை நீட்டிக்கொண்டிருப்பவர் ஒருவர், வழி பார்க்கிறவள் ஒருத்தி என்று மூன்று பேரும் ரோட்டைத் தாண்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார். பனியில் செத்த நரம்போடு இப்போது சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கால் போயிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சில நாள் அங்கேயே படுக்க வேண்டும், அப்புறம் வாராவாரம் வந்து காட்ட வேண்டும். பழைய பட்டாளத்துக்காரர்களுக்கென்று அதே வராந்தாவில் இன்னொரு அறை இருந்தது. தூக்கம் வராதவர்கள், சத்தத்துக்கு நடுங்குகிறவர்கள், வெளியே வர முடியாதவர்கள் உட்கார்ந்து பேசுகிற அறை. கேப்டன் படுக்கையிலிருந்தபடி அந்த அறையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒட்டடை, நான் இங்க வாராவாரம் கட்டு மாத்த வரணும். நீதான் தள்ளிட்டு வரணும்."

"வர்றேன்."

"வந்துட்டு சும்மா உக்காந்திருக்காதே. நான் இந்த ரூம்ல காலைக் காட்டிட்டு இருக்கறப்ப, நீ அந்த ரூம்ல போயி உன் கதையைச் சொல்லு. நானும் ஒரு நாள் வர்றேன். எனக்கும் சாக்பீஸ் விஷயம் ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு."

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். கேப்டன் அவள் பக்கம் திரும்பாமல், "மேசை மேல இருக்கற சாக்பீஸ் எப்படிம்மா ஒவ்வொரு தடவையும் கீழ விழுது?" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷம் தான் ஏமாற்றுவதாக நினைத்தவள் அவள்.

ஒட்டடை முதல் வாரம் அந்த அறை வாசல்வரை போய்த் திரும்பினார். அடுத்த வாரம் உள்ளே போனார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் பசிக்கிறது என்றார். எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மெயின் ரோட்டைத் தாண்ட இன்னமும் அவருக்கு அவள் முன்னால் நடக்க வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. காலைத் தினமும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தால் போதாது. தினமும் தெருவுக்கு வருகிற தெம்பு ஒட்டடைக்கு இன்னும் வரவில்லை. அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு டார்ச்சைச் சட்டையில் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு. மத்த நாளெல்லாம் உனக்கு டூட்டி தங்கச்சி. அவன் என்ன சொன்னாலும் நம்பாதே."

அன்று சாயங்காலம், கடை மூடின பிறகு, பிரித்துப்போட்ட ஒரு சோபாவின் மேல் கேப்டன் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட மனிதர் இவ்வளவு வெட்கப்படவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சாக்ஸைக் கழற்றி, கால்களை அவள் மடியில் வைத்தார். அவள் டார்ச்சை அடித்தாள். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இருந்த விரல்கள் கறுத்து, நுனி மழுங்கி இருந்தன. அவள் அந்தச் சுண்டுவிரல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அவருக்கு அது தெரியாது என்பது தெரிந்தும் தடவிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு அழகான கால் என்று நினைத்தாள், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். பிறகு விரலிடுக்கு, குதிகால், நகம், கட்டுப் போட்ட இடம் எல்லாம் ஒன்று விடாமல் பார்த்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

"அப்ப உன் காலைக் காட்டு."

"எனக்கென்னங்க? நான் என்ன பனியிலயா நின்னேன்?"

"ஜோடின்னா ரெண்டு பேரும் பாக்கணும். இல்லன்னா அது ஜோடி இல்ல."

டார்ச்சை வாங்கிக்கொண்டு, அவள் மறுக்க மறுக்க அவள் வலது காலை இழுத்து மடியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். செருப்புக்குள் குதிகால் படுகிற இடத்தில் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை அவள் வெட்டி ஒட்டியிருந்தாள். குதிகால் பாளம் பாளமாக வெடித்து, ஒரு வெடிப்புக்குள் ரத்தம் காய்ந்திருந்தது. மெஷினை மிதித்து மிதித்துக் கணுக்கால் வீங்கி, அதற்கு மேலே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அவர் அதையெல்லாம் வெகுநேரம் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒண்ணுமில்லங்க" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

கேப்டன் டார்ச்சைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். "இன்னொரு காலையும் எடு" என்றார்.